சிறு பட்டறைகளும் சர்க்கார் கண்டிராக்டும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் லேத் பட்டறைகளும், தச்சுக்கூடங்களும், அச்சகங்களும், தையற்கடைகளும் இருக்கின்றன. பெரிய கொள்முதல்காரர்களும் அங்கேயே இருக்கின்றனர். விழுப்புரம் ஒரு ரயில்வே ஜங்ஷன். அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றின் தலைமை ஸ்தலம். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. இவர்கள் செலவிடும் ஜனங்களின் பணத்தில் எவ்வளவு இந்தப் பட்டறைகளுக்குத் திரும்புகிறது என்பதே நமது கேள்வி.

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 2006-ம் வருஷத்துச் சட்டத்தைக் கொண்டு இந்திய சர்க்கார் 2012-ல் ஓர் உத்தரவு பிறப்பித்தனர். மத்திய இலாகாக்களும் பொதுத்துறைக் கம்பெனிகளும் தாம் வாங்குவதில் 20 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்கவேண்டும் என்பது அதன் சாரம். 2015 ஏப்ரலில் அது கட்டாயமாயிற்று. 2018-ல் பங்கு 25 சதவீதமாக உயர்ந்தது. டெண்டர் பாரம் இலவசம்; முன்வைப்புத் தொகையும் வேண்டியதில்லை. மிகக் குறைந்த விலைக்கு மேல் 15 சதவீதம் வரை கேட்ட சிறு தொழிலாளர், அக்குறைந்த விலைக்கே தர இசைந்தால், பகிரக்கூடிய சரக்கில் கால் பங்கு அவருக்குக் கிடைக்கும். இதைத் தயவு என்று இகழ்வோர், இவ்வேற்பாட்டினால் பொக்கிஷத்துக்கு ஒரு காசும் நஷ்டமில்லை என்பதை உணரவேண்டும்.

ஆயினும் ‘சிறு’ என்ற சொல் வரவரப் பெருத்துவருகிறது. 2006-ல், உற்பத்தித் தொழிலாயின், 5 கோடி ரூபாய் வரை யந்திரமுள்ளது சிறு தொழில். 2020-ல் யந்திர முதல் 10 கோடி, வருஷ விற்பனை 50 கோடி என வரம்பு மாறிற்று. 2025 ஏப்ரல் முதல் 25 கோடி முதலும் 100 கோடி விற்பனையும் உடையவரும் ‘சிறியவரே’! விலைவாசி ஏற வரம்பும் ஏறவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நூறு கோடிக்காரரும், திண்டிவனத்தில் இரண்டு ஆட்களோடு இரும்பு மேஜை செய்பவரும் இன்று ஒரே வரிசையில் நிற்கின்றனர். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 4 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம் என உட்பங்கு வகுத்தவர்கள், குறுந்தொழிலுக்கென்று ஒன்றும் வகுக்கவில்லை. யானையையும் ஆட்டையும் ஒரே தொட்டியில் நீர் குடிக்க விட்டால் ஆட்டுக்கு என்ன மிஞ்சும்? கால் பங்கு வாங்கியாயிற்று என்று இலாகாக்கள் கணக்குக் காட்டலாம். மேஜைக்காரருக்கு அதில் ஒரு மேஜையும் சேராதிருக்கலாம்.

இவ்வுத்தரவு மாநில சர்க்காரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தமிழ்நாட்டுக்கு வேறொரு பழக்கம் உண்டு. 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் ஏழைகளுக்குத் துணி அளிப்பதோடு நெசவாளருக்கு வேலையளிக்கவும் ஏற்பட்டது. ஆர்டர் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே தறிக்குப் போகிறது. பள்ளிச் சீருடைகளை மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. தனி ஆளால் ஏற்க முடியாத பெரிய வேலை, பல கைகளுக்குப் பங்கிடப்படுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலையும் அலுவலக பீரோவையும் இவ்வாறே சிறு சிறு கூறாக்கி, ஜில்லாவிலுள்ள பட்டறைகளின் சங்கங்களுக்கு அளிப்பதில் என்ன தடை? தரம் குன்றுமென்றால் பரிசோதித்து வாங்கட்டும்; பெரிய கம்பெனியின் சரக்கையும் அவ்வாறே பரிசோதிக்கட்டும்.

ஆர்டர் கிடைத்தவருக்கும் கவலை தீர்வதில்லை. 45 நாளுக்குள் பணம் தராவிடில், ரிசர்வ் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டியை மாதாந்தரக் கூட்டுவட்டியாகத் தரவேண்டுமென்று 2006-ம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. சட்டம் கடுமையானதே. எனினும், அடுத்த வருஷமும் ஆர்டர் தரவேண்டிய அதிகாரியின்மீது எந்தப் பட்டறைக்காரர் புகார் எழுதுவார்? உரிய காலத்தில் தராத பாக்கியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கவிடாமல், தனியார் கம்பெனிகளை 2024 முதல் மடக்கியிருக்கின்றனர். சர்க்கார் இலாகாவோ வருமான வரி கட்டுவதில்லை. ஆகையால் அந்தப் பூட்டு அதற்குப் பொருந்தாது. புகாருக்குக் காத்திராமல், 46-வது நாளே வட்டியைத் தானாகப் பில்லில் சேர்க்குமாறு கணக்கு இலாகாவுக்கு உத்தரவிடவேண்டும்.