பழைய பிக்கப், மாற்று இன்ஜின்: பழுது எங்கே ஒளிந்திருக்கிறது?

மண்டியிலும் மொத்த விற்பனைக் கிடங்கிலும் இறங்கிய சரக்கைக் கடை கடையாகக் கொண்டு சேர்ப்பது சின்ன வண்டிதான். இன்று புதிய மினி லாரிகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆயினும் தகப்பனார் காலத்தில் வாங்கிய ஜீப் பிக்கப்பை விடாமல் வைத்து ஓட்டும் வணிக அன்பர்கள் நம்மிடையே இருக்கவே செய்கிறார்கள். அதற்குத் தவணை கிடையாது. சட்டம் கனமானது. மண் பாதைக்கும் மலைப் பாதைக்கும் சளைக்காதது. அதைக் கைவிட மனம் வராததில் வியப்பில்லை.

இரும்பு வணிகமாக 1945-இல் தொடங்கிய நிறுவனம்தான் பின்னர் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் ஓட விட்ட மகேந்திரா. அந்தக் குடும்பத்து ஜீப்புகளிலும் பிக்கப்புகளிலும் நெடுங்காலம் இருந்தது 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். டீசல் மலிவாகவும் பெட்ரோல் விலை அதிகமாகவும் இருந்த காலத்தில் நம் ஊர்ப் பட்டறைகள் அந்த இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றின. அத்துடன் கியர் பெட்டி, டைனமோ, ஸ்பிரிங் பட்டை, பாடி என்று ஒவ்வொன்றாக மாறின. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியபின் அந்த விலை ஆதாயம் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் மாற்றிய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பராமரிப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். இத்தகைய வண்டியில் பழுது பெரும்பாலும் பழைய பாகத்திலும் இல்லை, புதிய பாகத்திலும் இல்லை. இரண்டும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. ஒட்டுப் போட்ட சட்டை ஒட்டின் ஓரத்தில்தான் கிழியும். ஆகவே வண்டி மக்கர் செய்தால், "இதில் எதை மாற்றியிருக்கிறோம்? மாற்றியது எதோடு சேர்கிறது?" என்று கேட்டுக்கொண்டு அங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும்.

வண்டிக்கும் ஒரு பேரேடு

கடைக்கு இருப்புப் புத்தகம் வைத்திருக்கும் நாம், வண்டிக்கு ஒன்று வைப்பதில்லை. மாற்றிய வண்டிக்கு அது கட்டாயம் வேண்டும். உதிரி பாகக் கடையில் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால், கடைக்காரர் அசல் வண்டிக்குரிய பாகத்தைத்தான் எடுத்துத் தருவார். அது நம் வண்டிக்குப் பொருந்தாது. டிரைவர் திரும்பவும் அலைய வேண்டும். அன்றைய லைன் போய்விடும்.

எனவே ஒரு சிறு குறிப்பேட்டில் இன்ஜின் எந்த வண்டியுடையது, ஃபேன் பெல்ட் எண், டீசல் ஃபில்டர், ஆயில் ஃபில்டர் எண்கள், கிளட்ச் பிளேட்டின் அளவு, சக்கர பேரிங் எண்கள், ஆல்டர்னேட்டரின் ஆம்பியர், பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டரும் எந்த வண்டியுடையவை ஆகிய அனைத்தையும் எழுதி வைக்கவும். மெக்கானிக் இன்று இருப்பார், நாளை ஊர் மாறிப் போவார். அவர் தலையில் மட்டும் இருக்கும் கணக்கு நமக்கு உதவாது. சென்னைப் புதுப்பேட்டைக்கே பாகம் தேடிப் போனாலும், எண்ணோடு போகிறவருக்குத்தான் வேலை முடியும்.

டயர் அளவும் கியர் பெட்டியும் மாறிய வண்டிகளில் கிலோமீட்டர் மீட்டர் சரியாகக் காட்டாது. ஆதலால் ஆயில் மாற்றும் கணக்கைத் தேதி வைத்தும் எழுதிக்கொள்வது நல்லது.

இன்ஜின் சூடேறுதல்

டீசல் இன்ஜினை ஏற்றும்போது பழைய ரேடியேட்டரையே விட்டுவிடுவது பட்டறை வழக்கம். காலி வண்டியில் இது தெரியாது. முழு லோடோடு மேடு ஏறும்போது முள் மேலே போகும்.

எப்போது சூடேறுகிறது என்று கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். கடைத்தெருவில் ஊர்ந்து போகும்போது சூடேறி, நெடுஞ்சாலையில் தணிந்தால் காற்று போதவில்லை என்று பொருள். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ஃபேன் ரேடியேட்டரை விட்டு வெகு தள்ளி இருக்கலாம். ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய தகரக் கூடு இல்லாமல் இருக்கலாம். மாறாக, தெருவில் சரியாக இருந்து, நெடுஞ்சாலை வேகத்திலும் மேட்டிலும் சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் உப்பு அடைத்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளலாம், அல்லது ரேடியேட்டரே இன்ஜினுக்குச் சிறியதாக இருக்கலாம்.

சூடேறுகிறது என்றவுடன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வு அன்று. அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய வெப்பத்தை அடையாது. டீசல் முழுமையாக எரியாது, புகையும் செலவும் கூடும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். உப்புத் தண்ணீர் ஊர்களில் உள்ளவர்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல், நல்ல தண்ணீரில் கூலண்ட் கலந்து ஊற்ற வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதைக் கிளீனர் பையனுக்கும் சொல்லி வையுங்கள்.

செல்ஃப் எடுக்கவில்லையா?

பழைய பெட்ரோல் இன்ஜின் காற்றை ஏழு மடங்கு அளவில் அழுத்தியது. அதன் இடத்தில் வந்த பழைய வகை டீசல் இன்ஜினோ இருபது மடங்கு அளவில் அழுத்துகிறது. அதைச் சுழற்ற மிகுந்த மின்சாரம் வேண்டும். ஆனால் ஒயர் மட்டும் பழைய ஒயராகவே இருக்கும். காலையில் செல்ஃப் மெல்லச் சுற்றினால் எல்லோரும் பேட்டரியைத்தான் பழிக்கிறார்கள். புதுப் பேட்டரி வாங்கி வைத்தும் நிலைமை மாறாதபோதுதான் யோசிக்கிறார்கள்.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினுக்கும் சட்டத்திற்கும் இடையே கனமான எர்த் பட்டை இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பி வர வழியில்லை. சோதிப்பது எளிது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் எர்த்தில். பேட்டரியின் இரு முனைகளில் வைத்துச் செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, அதன்பின் அதைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் சரி.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டிகளில், முழு மின்சாரமும் டேஷ்போர்டில் உள்ள பழைய ஆம்பியர் மீட்டர் வழியாகவே போய் வரும். 30 ஆம்பியர் மீட்டர் வழியே அதைவிட அதிகம் ஓடினால் ஒயர் உருகும், வண்டி தீப்பிடிக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனியாகக் கனமான ஒயர் இழுத்து, பேட்டரி அருகே ஃபியூஸ் வைத்து, மீட்டருக்குப் பதில் வோல்ட் மீட்டர் பொருத்தச் சொல்லுங்கள்.

டீசல் வரும் வழியும் புகையின் நிறமும்

இரவு நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்து, பின் நாள் முழுவதும் நன்றாக ஓடினால், செல்ஃபையும் ஹீட்டர் பிளக்கையும் பார்த்த கையோடு டீசல் குழாயையும் பார்க்க வேண்டும். டாங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாய் உறிஞ்சும் குழாய். அதில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அவ்விடத்தில் டீசலுக்கென்று விற்கும், உள்ளே தெரியும் ஹோஸை ஒரு சாண் போட்டுப் பார்த்தால் குமிழி கண்ணுக்குத் தெரியும்.

பெட்ரோல் டாங்கில் இன்ஜினுக்குப் போகும் குழாய் மட்டும்தான் இருந்தது. டீசலுக்கோ மிஞ்சியது டாங்கிற்குத் திரும்பி வர இன்னொரு குழாய் வேண்டும். அதை டாங்கில் சேர்க்காமல் உறிஞ்சும் குழாயிலேயே முடிச்சுப் போட்டிருந்தால், காற்று வெளியேற வழியின்றிச் சுற்றிச் சுற்றி வரும். பழைய டாங்கின் துருவும் ஃபில்டரை அடைக்கும். ஃபில்டர் மாற்றியும் மாதத்துக்கொரு முறை அடைத்தால் டாங்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான்.

கறுப்புப் புகை வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். காலையில் சற்று நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றால் அச்சமில்லை. நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நடுக்கமும் தட்டலும்

ஓடும்போது நடுக்கம் வந்தால் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை அதே வேகத்துக்கு உறுமவிட்டுப் பாருங்கள். அப்போதும் நடுங்கினால் காரணம் இன்ஜின் மவுண்டிங். ஓடும்போது மட்டும் என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சக்கரமும்.

கூடுதல் பட்டை போட்டதால் வண்டியின் பின்புறம் உயர்ந்துவிடும். அதனால் ஷாஃப்ட்டின் சாய்வு மாறி, ஜாயிண்ட் கிராஸ் அடிக்கடி போகும். கிராஸை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஷாஃப்ட்டின் இரு முனைச் சாய்வும் ஏறத்தாழ சமமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஷாஃப்ட்டைப் பிரிக்கும்போது இரு பக்கமும் சுண்ணாம்புக் குறி வைத்து, அதே பல்லில் திரும்பப் பூட்ட வேண்டும்.

பிரேக்: இதில் சிக்கனம் வேண்டாம்

இதுவரை சொன்னவை பணமும் நேரமும் பற்றியவை. இது உயிர் பற்றியது.

பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் வழிதான். ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். முன்னும் பின்னும் தனித்தனி வழியுள்ள மாஸ்டர் சிலிண்டரை முறையாகப் பொருத்துவது, இவ்வண்டிக்குச் செய்யும் செலவுகளிலெல்லாம் முதலாவதாக இருக்க வேண்டும்.

கால் வலிக்கிறது என்று பிற்காலத்தில் பூஸ்டர் போட்டவர்கள் உண்டு. பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்திலேயே பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் கிடைத்துவிடும். டீசல் இன்ஜினில் அது கிடைக்காது. தனி வேக்குவம் பம்ப் வேண்டும். பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். அப்படியானால் ஃபேன் பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போகாது, பூஸ்டரும் போகும். இறக்கத்தில் பெடல் கல்லாகிவிடும். இதை டிரைவருக்குச் சொல்லியிருக்கிறோமா? சார்ஜ் விளக்கு எரிந்தால், "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டாமல், ஓரம் கட்டிப் பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.

தினமும் காலையில் அரை நிமிடச் சோதனை போதும். இன்ஜினை நிறுத்திய நிலையில் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யவும். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ கசிவு. பஞ்சு போலிருந்தால் உள்ளே காற்று. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுதும் மாற்ற வேண்டும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்குப் பிரேக் மட்டும் போதாது. ஏறும்போது போட்ட அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டி மிச்சம் பிடிக்கும் டீசல், டிரைவரின் உயிருக்கு ஈடாகாது.

பட்டை கூடினால் பாரம் கூடுமா?

இரண்டு பட்டை சேர்த்தால் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். ஹவுசிங், பேரிங், டயர், பிரேக் ஆகியவற்றின் திறன் கூடுவதில்லை. பழைய அளவுக்குரிய பிரேக்கை வைத்துக்கொண்டு புதிய பாரத்தை நிறுத்த முடியாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் வீதம். பட்டை மாற்றினால் 500 கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளைத் திரும்ப முறுக்க மறக்க வேண்டாம்.

ஆர்.சி. புத்தகம் பேசட்டும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. ஆகவே புதிதாக மாற்ற நினைப்பவர்கள், பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். முன்பே மாற்றிய வண்டியானால், இன்ஜின் எண்ணும் எரிபொருளும் ஆர்.சி.யில் ஏறியிருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஏறாமல் இருந்தால் எப்.சி. காட்டும்போது மட்டுமன்று, விபத்து நேர்ந்து இழப்பீடு கேட்கும்போதும் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்ப இடமுண்டு. ஒரு விபத்து வழக்கு, ஒரு தலைமுறை சேர்த்த முதலைக் கரைத்துவிடக் கூடியது.

வைத்திருப்பதா, விற்பதா?

குறிப்பேடு எழுதி வந்தால் ஆண்டு முடிவில் இந்தக் கேள்விக்கும் விடை கிடைக்கும். பழுதுச் செலவோடு, வண்டி நின்ற நாட்களில் போன வியாபாரத்தையும் வாடகை வண்டிக்குக் கொடுத்ததையும் கூட்டுங்கள். அந்தத் தொகை புது வண்டியின் தவணையை எட்டினால், பாசத்தை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்க வேண்டும். எட்டவில்லையென்றால் தாராளமாக ஓட்டலாம். ஒட்டுப் போட்ட இடங்களை மட்டும் மாதம் ஒரு முறை நாமே குனிந்து பார்த்து, பார்த்த தேதியைக் குறிப்பேட்டில் எழுதி வைப்போம்.