செல்போனுக்கு ‘ஃபிளாஷ்’ அடிக்கும் முன்...

கடைக் கணக்கு, வாடிக்கையாளர் எண்கள், பணப் பரிவர்த்தனை என எல்லாமே இன்று செல்போனுக்குள் அடங்கிவிட்டன. ஆகவே, போன் மெதுவாக ஓடுகிறது என்பதற்காக ‘ஃபிளாஷ்’ அடித்துவிட வணிகப் பெருமக்கள் அவசரப்பட வேண்டாம்.

ஃபிளாஷ் என்பது போனின் அடிப்படை மென்பொருளையே மாற்றி எழுதுவதாகும். வேறு மாடலுக்கு உரியதை ஏற்றினாலோ, பாதியில் கேபிள் நழுவினாலோ, சார்ஜ் தீர்ந்தாலோ போன் எழும்பாமலே போகலாம். பூட்லோடர் பூட்டைத் திறந்தால் பொதுவாக உள்ளிருக்கும் தகவல்கள் அனைத்தும் அழியும்; சில வங்கிச் செயலிகளும் இயங்க மறுக்கும். சாம்சங் போன்களில் அங்கீகாரமற்ற மென்பொருள் ஏறினால் ‘நாக்ஸ்’ பாதுகாப்புக் குறி நிரந்தரமாக மாறிவிடும். கம்பெனி மென்பொருளை மீண்டும் ஏற்றினாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள நம் உறுப்பினர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் திருத்துவது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். எனவே, வேலைக்கு முன்னும் பின்னும் *#06# அழுத்தி அந்த எண்ணைச் சரிபாருங்கள். தகவல்கள் அழியக்கூடும் என்பதை ரசீதிலேயே எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே போனைத் தொடுங்கள்.