அணியைத் திருப்பினால் எண்கள் ஏன் நகர்வதில்லை?

பைத்தான் மொழியின் நம்பை நூலகத்தில் 1000 நிரை, 1000 நிரல் கொண்ட ஓர் அணியை உருவாக்குங்கள். தசம எண் ஒவ்வொன்றுக்கும் 8 பைட். மொத்தம் 80 லட்சம் பைட். நிரைகளை நிரல்களாகத் திருப்பச் சொன்னால் கண்ணிமைக்கும் முன் முடிந்துவிடுகிறது. எப்படி?

நினைவகத்துக்கு நிரையும் தெரியாது, நிரலும் தெரியாது. எண்கள் அங்கே ஒரே நீள வரிசையில்தான் கிடக்கின்றன. அவற்றை அணியாகக் காட்டுவது கூடவே இருக்கும் ஒரு சிறு குறிப்பு: வடிவம், எண்ணின் வகை, தாவல். அடுத்த நிரலுக்குப் போக 8 பைட் தாவ வேண்டும். அடுத்த நிரைக்கு 8000. திருப்பும்போது நம்பை இந்த இரண்டு தாவல்களையும் இடம் மாற்றி எழுதுகிறது, அவ்வளவுதான். ஓர் எண்கூட நகர்வதில்லை. கணினியியலின் மிக அழகான யோசனைகளுள் இதுவும் ஒன்று என்பேன்.

இதற்கு ஒரு விளைவு உண்டு. திருப்பிய அணியில் ஓர் எண்ணைத் திருத்தினால் மூல அணியிலும் அது மாறிவிடும். தனி நகல் வேண்டுமென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆகவே அணியைச் சோதிக்கும்போது எண்களை மட்டும் அச்சிட்டுப் பார்த்தால் போதாது. வடிவத்தையும் தாவலையும் சேர்த்துப் பாருங்கள். மேலே பார்த்த தாவல்கள் எண்களை நிரை நிரையாக அடுக்கியதால் வந்தவை. ஃபோர்ட்ரான் மொழியோ நிரல் நிரலாக அடுக்குவது. அந்த முறையில் அணியை உருவாக்கினால் 8, 8000 இரண்டும் தொடக்கத்திலேயே இடம் மாறியிருக்கும்.