எல்லா எல்இடியும் மேட்ரிக்ஸ் இல்லை: ஹெட்லைட் மாற்றும் முன் இதைப் படியுங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் வரை ராத்திரி கார் ஓட்டுபவர்களுக்கு இந்தச் சிக்கல் பழகியதுதான். டிம்மில் போனால் தூரத்தில் என்ன நிற்கிறது என்று தெரியாது. பிரைட் போட்டால் எதிரே பைக்கில் வருகிறவருக்குக் கண் கூசும். மலையடிவாரம் வேறு, மாடு, பின்விளக்கு எரியாத டிராக்டர், காட்டுப்பன்றி என எது வேண்டுமானாலும் குறுக்கே வரலாம். இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுவதுதான் அடாப்டிவ் மேட்ரிக்ஸ் எல்இடி ஹெட்லைட். நம்ம காரிலும் அதை மாட்டிவிடலாமா?

இது எப்படி வேலை செய்கிறது?

ஒரே பல்புக்குப் பதிலாக, தனித்தனியாக எரிந்து அணையும் பல எல்இடிகள் இதில் இருக்கும். முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா, எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட்டையும் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கையும் கண்டுபிடிக்கும். உடனே அந்த வண்டியின் மேல் படும் எல்இடிகள் மட்டும் அணையும். மற்ற இடமெல்லாம் பிரைட்டிலேயே தெரியும். எதிர் வண்டி நகர நகர, அந்த இருட்டுப் பகுதியும் கூடவே நகரும்.

2013இல் ஆடி ஏ8 காரில் இது வந்தபோது, ஒரு ஹெட்லைட்டுக்கு 25 ஹை பீம் எல்இடிகள் இருந்தன. அமெரிக்கா 2022 பிப்ரவரியில்தான் இந்த நுட்பத்துக்கு அனுமதி கொடுத்தது.

பல்பை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. மேட்ரிக்ஸ் என்பது பல்பின் பெயர் இல்லை. கேமரா, கட்டுப்பாட்டுக் கருவி, வயரிங், சாஃப்ட்வேர் எல்லாம் சேர்ந்ததுதான் அது. பெட்டியில் ‘மேட்ரிக்ஸ்’ என்று அச்சடித்திருந்தாலும் கேமரா இல்லையென்றால், அது வெறும் எல்இடி பல்புதான்.

ஹாலோஜன் ஹெட்லைட்டின் உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர், பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. அதில் பொருந்தாத எல்இடி பல்பைச் சொருகினால் வெளிச்சம் சிதறும். உங்கள் பம்பருக்கு முன்னால் பளிச்சென்று இருக்கும், தூரம் தெரியாது, எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக்காரருக்கு மூன்று நொடி கண் தெரியாமல் போனால், அவர் 50 மீட்டரைக் குருட்டாம்போக்கில் கடக்கிறார்.

டாப் வேரியன்ட் செட்டை மாட்டலாமா?

உங்கள் மாடலின் டாப் வேரியன்ட்டில் மேட்ரிக்ஸ் இருந்தால், தொழில்நுட்ப ரீதியாக வாய்ப்பு உண்டு. ஆனால் ஹெட்லைட்டுடன் கேமரா, வயரிங், கோடிங், கேமரா அளவுத்திருத்தம் எல்லாம் தேவை. புது கார் வாங்கப் போகிறீர்கள் என்றால், அந்த வேரியன்ட்டையே எடுப்பதுதான் தலைவலி இல்லாத வழி.

ஜெர்மனி, அமெரிக்கா பக்கத்துப் பழைய செட் ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. அந்த விளக்கின் டிம் வெளிச்சம் வலது ஓரத்தில் மேலே எழும். நம்ம ஊரில் அது எதிரே வருகிறவர் முகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதி 106இன்படி, 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி முன்விளக்கு கீழ்நோக்கி இருக்க வேண்டும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 182ஏ(4)இன் கீழ் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

மேட்ரிக்ஸ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

கேமரா முக்கியமாகத் தேடுவது எரியும் விளக்குகளை. லைட் இல்லாத சைக்கிள்காரரும் நடந்து போகிறவரும் அதன் கணக்கில் விடுபடலாம். வளைவில் திடீரென்று வண்டி வந்தாலோ, கண்ணாடி அழுக்காக இருந்தாலோ தாமதமாகும். டிம் அடிக்கும் வேலை அப்போதும் உங்கள் கையில்தான்.

முதலில் என்ன செய்யலாம்?

* மஞ்சளடித்த ஹெட்லைட் கவரை பாலிஷ் போடுங்கள். வெளிச்சம் குறைய இதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.
* சர்வீஸ் சென்டரில் ஹெட்லைட் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள்.
* டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட லெவல் திருகி இருந்தால் பயன்படுத்துங்கள். பின்சீட்டில் ஆளும் டிக்கியில் சாமானும் இருந்தால் கார் முன்பக்கம் தூக்கும். எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும்.
* பல்பு மாற்றினால் கம்பெனி சொன்ன அதே வாட்டில், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.
* முன்கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வெளிச்சம் போதவில்லை என்று தோன்றினால், மேட்ரிக்ஸ் செலவைப் பற்றி யோசிக்கலாம்.