முதலில் குத்துமதிப்பு, பிறகு பெருக்கல்

கல்யாணச் சமையலுக்குப் பொறுப்பேற்கும் மாஸ்டர் பெண் வீட்டாரிடம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை இலை விழும் என்பதுதான். பந்தி நடக்கும் கூடத்தில் 14 வரிசை, வரிசைக்கு 18 இலை, மூன்று பந்தி என்று பதில் வந்தால் அவர் தாளையும் பேனாவையும் தேடுவதில்லை. ஒரு பந்திக்கு இருநூற்றைம்பது பக்கம் வரும், மூன்றுக்கும் சேர்த்து எழுநூற்றைம்பது. கடைசிப் பந்தி முழுதாக நிரம்பாது என்றாலும் சாப்பாடு பற்றாமல் போனால் மானம் போய்விடும், ஆகவே எண்ணூறு பேருக்கு உலை வைக்கலாம். துல்லியமாகப் பெருக்கினால் 756. அந்த எண் அவருக்குக் கடைசி வரை தேவைப்படவில்லை. ஆனால் பெருக்கினால் எந்த அளவில் எண் வரும் என்ற பிடி இல்லாமல் அவரால் ஒரு மூட்டை அரிசிகூட வாங்கியிருக்க முடியாது.

இதே 14ஐயும் 18ஐயும் நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் நடப்பது வேறு. ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, பெருக்கல் குறி போட்டு, கோடு இழுத்து, எட்டு நாலு முப்பத்திரண்டு என்று தொடங்கும். விடை 252 என்று வந்தாலும், 2,052 என்று வந்தாலும், அதே திருப்தியோடு அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். அன்றாட வாழ்க்கைக் கணக்கு என்ற பெயரில் பாடத்தின் கடைசியில் சில வாக்கியக் கணக்குகள் இருக்கும். பெருக்கல் பாடத்தின் கீழ் வருவதால் எல்லாமே பெருக்கல் கணக்குகள்தான் என்பது கதையைப் படிக்காமலேயே பிள்ளைக்குத் தெரியும். இரண்டு எண்களைப் பொறுக்கி எடுத்தால் போதும். தேங்காயும் பேருந்தும் பூமாலையும் அங்கே எண்களுக்கு மாட்டிவிட்ட சட்டைகள்தான். அன்றாடக் கணக்கு பெருக்கலைக் கற்றுத்தர வேண்டுமானால் பெருக்குவதற்கு முன் ஒரு குத்துமதிப்பைப் பிள்ளை சொல்லியாக வேண்டும், பெருக்கிய பிறகு விடையைக் கதைக்குள் திரும்பக் கொண்டுபோய்ப் பார்த்தாக வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வாக்கியக் கணக்கு, வெறும் பெருக்கலைவிட எந்த வகையிலும் மேலானதாக இல்லை.

இதற்கு ஆதாரம் பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களிலிருந்து வருகிறது. தெரசினா நூனெஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு அது. 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து சிறு வியாபாரிகளிடம் வாடிக்கையாளர்களைப் போலப் போய், இத்தனை வாங்கினால் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கேட்டார்கள். 63 கேள்விகளில் 98 சதவீதம் சரியான பதில். பின்னர் அதே பிள்ளைகளுக்கு அதே எண்களை வைத்துத் தாளில் சோதனை நடந்தது. கதையோடு கேட்ட கணக்குகளில் 74 சதவீதம் சரி, எண்களை மட்டும் கொடுத்த கணக்குகளில் 37 சதவீதமே சரி. இதில் ஒரு சிறுவனின் கணக்கு மறக்க முடியாதது. 35 குரூசைரோ விலையுள்ள தேங்காய் நான்கு கேட்டபோது, மூன்று தேங்காய்க்கு 105, அதோடு இன்னொன்று என்று கூட்டி 140 என்றான். தாளில் 35 பெருக்கல் 4 வந்தபோது, ஐந்து நாலு இருபது, கையில் இரண்டு, இரண்டும் மூன்றும் ஐந்து, ஐந்து நாலு இருபது என்று சொல்லி 200 என்று எழுதினான். கையிலிருந்த இரண்டைப் பெருக்குவதற்கு முன்பே கூட்டிவிட்டான். ஐந்து தேங்காய்க்கே 175தான் ஆகும். கடையில் நிற்கும்போது யாராவது நான்கு தேங்காய்க்கு 200 என்று சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான். தாளில் அவன் சிரிக்காததற்குக் காரணம், அங்கே 35 என்பது தேங்காயின் விலையாக இல்லை, 3 என்றும் 5 என்றும் தனித்தனியாக நிற்கும் இரண்டு இலக்கங்களாகிவிட்டது.

ஐந்து பிள்ளைகளை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று கேட்பது நியாயம். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு அதற்கு நம் நாட்டிலிருந்தே பதில் தருகிறது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைச் சோதித்தார்கள். சந்தையில் சிக்கலான கணக்குகளைக் கிட்டத்தட்ட எல்லோரும் திறம்படச் செய்தார்கள். பள்ளிக்கூட வடிவில் அதைவிட எளிய கணக்கைக் கொடுத்தபோது தடுமாறினார்கள். அந்த ஆய்வில் என்னை அதிகம் கலங்க வைப்பது மறுபாதி. சந்தை அனுபவம் இல்லாத, அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும் 471 பிள்ளைகள் எளிய எழுத்துக் கணக்குகளில் அவர்களை முந்தினார்கள். ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போட்ட ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு சதவீதத்தினரால்தான் போட முடிந்தது. ஆகவே இது சந்தைப் பிள்ளைகளின் குறை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைகள் சந்தையில் உழைப்பதே நல்ல பள்ளி என்று இதைத் திரித்துவிடவும் கூடாது. படிக்கிற வயதில் கூடை சுமப்பது அநியாயம். இரண்டு கணக்குகளுக்கும் நடுவே பாலம் இல்லை என்பதுதான் இந்த எண்கள் சொல்வது.

அந்தப் பாலத்தின் பெயரைத்தான் குத்துமதிப்பு என்கிறேன். ஈரிலக்கப் பெருக்கலில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் மிகப் பழையது, இரண்டாம் வரியை ஓரிடம் தள்ளி எழுத மறப்பது. 47ஐ 36ஆல் பெருக்கும்போது 282, அதன் கீழ் 141 என்று நேராக எழுதிக் கூட்டினால் 423 வரும். ஒரு வேனில் 47 பெட்டி, 36 நடை அடித்தால் எத்தனை பெட்டி என்பதுதான் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பெட்டி முப்பது நடை என்றாலே 1,200. ஐம்பது பெட்டி நாற்பது நடை என்றால் 2,000. விடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் இருக்க முடியும். இதை முன்கூட்டிச் சொல்லிவிட்ட பிள்ளை 423ஐப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரும், இடமதிப்பைத் தேடிப் போகும், 1,692ஐக் கண்டுபிடிக்கும். நடுவில் பூஜ்யம் வரும் எண்களிலும் இதே கதைதான். 406ஐ 28ஆல் பெருக்கச் சொன்னால் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 1,288 என்று எழுதும் பிள்ளை, நானூறு முப்பது பன்னிரண்டாயிரம் என்று முதலில் சொல்லியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். ஆசிரியரின் சிவப்பு மைக்குக் காத்திருக்காமல் தன் தவறைத் தானே பிடிக்கும் வழி இதைவிட எளிதாக வேறு இல்லை.

குத்துமதிப்பு என்றால் பக்கத்துப் பத்துக்குத் தள்ளிவிடும் சோம்பேறி வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் பெருக்கலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரு தோப்பில் 23 வரிசை, வரிசைக்கு 38 தென்னை. 40ஐ 20ஆல் பெருக்கி 800 என்கிறோம். உண்மையில் 874. ஓர் எண்ணில் 2 கூட்டினோம், மற்றதில் 3 குறைத்தோம், ஏறத்தாழச் சரிக்குச் சரிதானே, ஏன் 74 விழுந்தது? மூன்று வரிசையை விட்டதால் போனது மூன்று முப்பத்தெட்டு, அதாவது 114 மரம். மீதி இருபது வரிசையிலும் இரண்டிரண்டு மரம் கூட்டிச் சொன்னதால் வந்தது 40. வித்தியாசம் 74. சின்ன எண்ணைத் தொட்டால் பெரிய எண்ணின் அளவுக்கு அடி விழும் என்பதை ஒரு பிள்ளை இந்தத் தோப்புக்குள் நின்றபடி புரிந்துகொண்டால், பின்னால் இயற்கணிதத்தில் அடைப்புக்குறிகளைப் பெருக்கும்போது அது புதுப் பாடமாகவே இருக்காது. 1150இல் பாஸ்கராச்சாரியர் எழுதிய லீலாவதியில் பெருக்கலுக்கு வரும் எடுத்துக்காட்டு 135ஐ 12ஆல் பெருக்குவது. அதற்கு ஒரே வழியைச் சொல்லி அவர் நிறுத்தவில்லை. 12ஐ 8 என்றும் 4 என்றும் உடைக்கலாம், 10 என்றும் 2 என்றும் பிரிக்கலாம், இருபதால் பெருக்கிவிட்டு எட்டால் பெருக்கியதைக் கழிக்கலாம். தென்னந்தோப்பில் நாம் செய்த திருத்தமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இனி கதையின் பங்குக்கு வருவோம். எந்தப் பக்கம் தள்ளி மதிப்பிட வேண்டும் என்பதை எண் சொல்லாது, கதைதான் சொல்லும். கையில் இருக்கும் பணம் சாமான் வாங்கப் போதுமா என்று பார்க்கும்போது விலையைக் கூட்டி வைக்க வேண்டும். விளைச்சலை நம்பிக் கடன் வாங்கும்போது வரவைக் குறைத்து வைக்க வேண்டும். ரேஷன் கடையில் 487 அட்டை, அட்டைக்கு 20 கிலோ அரிசி, 50 கிலோ மூட்டையாக எத்தனை இறக்க வேண்டும்? ஐந்நூறு அட்டை என்றால் பத்தாயிரம் கிலோ, 200 மூட்டை. துல்லியமாகப் பார்த்தால் 9,740 கிலோ, 194.8 மூட்டை. ஆனால் 194.8 மூட்டையை எந்த லாரியும் கொண்டுவராது, 194 இறக்கினால் கடைசியில் வருகிறவர்கள் வெறும் பையோடு திரும்புவார்கள். விடை 195. இந்தக் கடைசி அடியில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் நடந்த தேசியத் தேர்வில் 1,128 படைவீரர்களை 36 பேர் ஏறும் பேருந்துகளில் அனுப்ப எத்தனை பேருந்து வேண்டும் என்று 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். சுமார் 70 சதவீதத்தினர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். 32 பேருந்து என்று எழுதியவர்கள் 23 சதவீதம் மட்டுமே. 31 பேருந்து, மீதி 12 என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம். பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஏறத்தாழ அதே காலத்தில், ஒரு கப்பலில் இத்தனை செம்மறி, இத்தனை வெள்ளாடு, கப்பல் தலைவரின் வயது என்ன என்று 97 சிறு பிள்ளைகளிடம் கேட்டபோது, 76 பேர் ஆடுகளின் எண்ணிக்கையை வைத்தே வயதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். அவர்களை முட்டாள்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கணக்குப் புத்தகக் கதையில் பொருள் தேடக் கூடாது என்று நாம் நடத்திய பாடத்தை அவர்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள், அவ்வளவுதான்.

நம் மரபில் மதிப்பீட்டுக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண ஒரு வழி உண்டு. காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். எல்லாப் பலாவும் அதற்குக் கட்டுப்படும் என்று நான் வாதாடப் போவதில்லை. அறுத்துப் பார்த்துச் சரிபார்க்கத் தூண்டும் கணக்கு அது என்பதே அதன் அருமை. அதே சமயம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலை மனப்பாடமாக ஏற்றியவை. முந்திரி, காணி, மா என்று பின்னங்களின் பெருக்கல் வாய்ப்பாடுகூட நாவில் நின்றது. நெல் அளப்பதும் நிலம் அளப்பதும் வெளியே கண்முன் நடந்துகொண்டிருந்ததால் அந்த மனப்பாடத்துக்கு இறங்க ஒரு இடம் இருந்தது. இன்று வாய்ப்பாடு வகுப்பில் மிஞ்சியிருக்கிறது, அளவை வீதியோடு போய்விட்டது.

முதல் மறுப்பு இங்கேயே எழும்: வாய்ப்பாடே தெரியாத பிள்ளைக்கு மதிப்பீடு எதற்கு, முதலில் அடிப்படை வரட்டும். வாய்ப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நாலு மூன்று பன்னிரண்டு தெரியாதவர் நாற்பது முப்பதைச் சொல்லவே முடியாது. ஆனால் அடிப்படை முழுவதும் முடிந்த பிறகுதான் மதிப்பீடு என்ற வரிசை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது? இந்தியக் கிராமப்புற இளைஞர்களைப் பற்றிய 2023ஆம் ஆண்டு அசர் (ASER) கல்வி ஆய்வறிக்கைப்படி, 14 முதல் 18 வயதினரில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் சரியாக வகுத்தவர்கள் 43.3 சதவீதம். வழிமுறை தெரிந்தால் அளவு தானாகப் புரிந்துவிடும் என்பதும் நடந்ததில்லை. பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கும் எட்டில் ஏழு பங்குமாக இரண்டு பின்னங்களைக் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு என்று 1978இல் அமெரிக்காவில் 13 வயதினரிடம் கேட்டார்கள். இரண்டுமே கிட்டத்தட்ட ஒன்று, ஆகவே விடை 2. அதைத் தேர்ந்தவர்கள் 24 சதவீதம். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 என்றோ 21 என்றோ சொன்னார்கள், மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. வழிமுறையும் அளவறிவும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, சேர்ந்தே வளர வேண்டியவை.

வாக்கியக் கணக்கு கணிதத்தைச் சோதிப்பதைவிட வாசிப்பைத்தான் சோதிக்கிறது, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை அதில் இரட்டைத் தண்டனை பெறுகிறது என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனால் ரெசிஃபியில் 37 சதவீதத்தை 74 ஆக்கியது கதைதான். தெரிந்த கதை தூக்கிவிடுகிறது, தெரியாத கதையும் நீண்ட வாக்கியமும் கவிழ்த்துவிடுகின்றன. ஆகவே இந்தக் கணக்குகள் வாய்மொழியாகத் தொடங்க வேண்டும். கடலோரத்தில் மீன் பெட்டி, சிவகாசிப் பக்கம் தீப்பெட்டிப் பண்டல், காவிரிக் கரையில் நெல் மூட்டை என்று கதை ஊருக்கு ஊர் மாறலாம், எண்கள் அதே எண்களாக இருக்கலாம். போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தவணைக் கணக்கே போதும். ஒரு லட்ச ரூபாய் வண்டி, மாதம் 3,850 தான், 36 மாதம் என்கிறது விளம்பரம். நாலாயிரம் என்று வைத்தால் 1,44,000. கூட்டி வைத்த நூற்றைம்பதை 36 முறை கழித்தால் 5,400 போய் 1,38,600. போனும் இதையே சொல்லும், சந்தேகம் வந்து கேட்டால். அந்தச் சந்தேகத்தை எழுப்புவது நாலாயிரம் முப்பத்தாறு என்று மனதில் ஓடும் முதல் வரி.

தேர்வு துல்லியமான விடைக்குத்தானே மதிப்பெண் தருகிறது என்ற ஆசிரியர்களின் கேள்வியை மட்டும் வாதத்தால் தீர்க்க முடியாது. வினாத்தாளை மாற்றித்தான் தீர்க்க வேண்டும். ஐந்து மதிப்பெண் வாக்கியக் கணக்கில் ஒன்றை, பெருக்கத் தொடங்கும் முன் எழுதிய குத்துமதிப்புக்கும், இன்னொன்றை, விடையைக் கதையோடு ஒட்டிச் சொல்லும் கடைசி வாக்கியத்துக்கும் ஒதுக்கலாம். மதிப்பீடு விடைக்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்து அதையும் இன்னொரு வழிமுறையாக்கிவிடக் கூடாது. 487 அட்டைக்கு 200 மூட்டை என்று எழுதிய பிள்ளைக்கும், கொஞ்சம் குறைத்து 190 என்று எழுதிய பிள்ளைக்கும் அந்த ஒரு மதிப்பெண் உண்டு. ஏன் கூட்டினாய், ஏன் குறைத்தாய் என்று அவர்களைக் கேட்டுப் பேச வைக்க வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.