சீட்டும் கணக்கும் – 6: முதலில் தாண்டியவர் தோற்றார்

ரம்மியில் எதிரே இருப்பவர் எந்தச் சீட்டை எடுக்கிறார், எதைக் கழிக்கிறார் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும் என்று போன வாரம் சொன்னோம். இந்த வார ஆட்டமான பிளாக்ஜாக்கில் அந்த வேலையே இல்லை. மேஜையைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்தாலும் எல்லோருக்கும் எதிராளி ஒருவர்தான்: கேசினோவின் டீலர். அவரும் சொந்தப் புத்தியில் ஆட முடியாது. கையிலுள்ள சீட்டுகளின் மொத்தம் 16 வரை சீட்டு எடுத்தே ஆகவேண்டும். 17 வந்தால் பொதுவாக நிறுத்தியே ஆகவேண்டும்.

2 முதல் 10 வரை சீட்டில் உள்ள எண்ணே மதிப்பு. ராஜா, ராணி, ஜாக் மூன்றுக்கும் 10. ஏஸ் 1 அல்லது 11, எது வசதியோ அது. இஸ்பேட்டா, ஆட்டினா என்பது பொருட்டே இல்லை. பந்தயம் வைத்ததும் உங்களுக்கு இரண்டு சீட்டு. டீலருக்கும் இரண்டு, ஒன்று திறந்து, ஒன்று கவிழ்ந்து. மொத்தம் 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்தினால் ஜெயம். சமம் என்றால் பந்தயப் பணம் திரும்பி வரும். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் விழுந்தால் அதுதான் பிளாக்ஜாக்.

லாஸ் வேகாஸில் சீட்டு வேண்டுமென்றால் விரலால் மேஜையைத் தட்ட வேண்டும். போதுமென்றால் உள்ளங்கையை அசைக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. பின்னால் தகராறு வந்தால் மேலே உள்ள கேமராவில் சாட்சி இருக்க வேண்டுமே!

உங்கள் கையில் ராஜாவும் 6-ம், மொத்தம் 16. டீலரின் திறந்த சீட்டு 6. என்ன செய்வீர்கள்? பேசாமல் இருங்கள். இன்னொரு சீட்டு எடுத்தால், 13 வகைச் சீட்டில் 6 முதல் ராஜா வரை 8 வகை உங்களைக் கவிழ்த்துவிடும். 6-ஐக் காட்டும் டீலரோ 100-க்குச் சுமார் 42 முறை தானே 21-ஐத் தாண்டிவிடுகிறார். அதே 16-க்கு எதிரே அவர் பத்தைக் காட்டினால் துணிந்து எடுக்கத்தான் வேண்டும். எடுத்தாலும் பெரும்பாலும் தோல்விதான். எடுக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தோற்பீர்கள்.

இருவருக்கும் விதி ஏறக்குறைய ஒன்றுதானே, கேசினோ எப்படிப் பிழைக்கிறது? ஆடும் வரிசையில் இருக்கிறது சூட்சுமம். முதலில் ஆடுவது நீங்கள். 21-ஐத் தாண்டிய கணமே பந்தயப் பணம் போய்விடும். அப்புறம் டீலரும் தாண்டினால்கூட அது திரும்பாது. டீலரைப் போலவே 17 வரை எடுத்துக்கொண்டே போனால் 100 டாலருக்கு ஐந்தரை டாலர் அளவுக்கு நஷ்டம்.

அதைக் குறைக்கும் வழியை முதலில் முறையாகக் கணக்கிட்டவர்கள் சூதாடிகள் அல்லர். அமெரிக்க ராணுவத்தின் அபர்டீன் தளத்தில் இருந்த பால்ட்வின், கேன்ட்டி, மைசெல், மெக்டெர்மாட் என்ற நால்வர். எந்தக் கைக்கு என்ன செய்வது என்று மேஜைக் கணக்குப் பொறிகளைத் தட்டித் தட்டிக் கண்ட முடிவை அட்டவணையாக 1956-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்க இதழில் வெளியிட்டார்கள். இன்று அந்த அட்டவணைப்படி பிசகாமல் ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேஜையில் நஷ்டம் 100 டாலருக்கு அரை டாலர் அளவுக்கு இறங்கும்.

புதியவர் உட்காரும் முன் மேஜை விரிப்பில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். பிளாக்ஜாக்குக்கு 3-க்கு 2 என்றிருந்தால் 10 டாலருக்கு 15 கிடைக்கும். 6-க்கு 5 என்றிருந்தால் 12-தான். அட்டவணையை மனப்பாடம் செய்து மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை இந்த ஒரு வரி விழுங்கிவிடும். டீலர் ஏஸைக் காட்டி ‘இன்ஷூரன்ஸ்’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதுவும், டீலருக்குப் பிளாக்ஜாக் இருக்கும் என்று கட்டும், கேசினோவுக்குச் சாதகமான தனிப் பந்தயம்தான்.

இவ்வளவு செய்தாலும் அந்த அரை டாலர் கேசினோவுடையதே. அதையும் பறிக்க முடியும் என்று 1962-ல் புத்தகம் எழுதினார் எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)