ஃப்ளாஷரைக் கடைசியில் பாருங்க

மாமாவின் பழைய காரில் இடது இண்டிகேட்டர் ஒழுங்கா அடிக்கும். வலது எரியும், சிமிட்டாது. ரெண்டு ஃப்ளாஷர் மாத்தியாச்சு. ஒரு ராத்திரி வலது திரும்பும்போது பின்னால் வந்த லாரி உரசாத குறை. பின் விளக்கு எரியவே இல்லைனு யாரும் இறங்கிப் பார்க்கலை.

அம்பாசிடர் காலத்து ஃப்ளாஷருக்குள் சிப் எதுவும் கிடையாது. பல்புக்குப் போகும் கரண்ட்டே உள்ளே சூட்டை உண்டாக்கும். சூட்டில் தொடர்பு விடும், ஆறினால் சேரும். அதுதான் அந்த 'டிக் டிக்'. 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ரெண்டு என்றால் 3.5 ஆம்பியர். ஒன்று எரியாவிட்டால் பாதிதான். சூடு போதாமல் வெளிச்சம் அப்படியே நிற்கும், இல்லை வேகம் மாறும். எல்.இ.டி போட்டாலும் இதே கதை.

இரு பக்கத்துக்கும் ஒரே ஃப்ளாஷர்தான். ஒரு பக்கம் அடித்தால் அது நல்லா இருக்குனு அர்த்தம். ரெண்டுமே செத்திருந்தால் ஃப்யூஸ், அப்புறம் ஃப்ளாஷர்.

பல்பு நல்லதா? அப்போ எர்த். கரண்ட் திரும்புவது கார் பாடி வழியாக. ஹோல்டரில் துருவோ பெயின்ட்டோ இருந்தால் வழி அடைபடும். ஹோல்டரிலிருந்து சேஸிஸின் சுத்தமான இரும்புக்கு ஒரு ஒயர் பிடிச்சுப் பாருங்க. மாமா வண்டியில் பிடிச்சதுமே சிமிட்டுச்சு. உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சதோடு வேலை முடிஞ்சது.